வசந்திக்கு, அந்தக் கல் பெட்டி விஷயமாக

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, சின்னவளுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது, மழைக்கு வழக்கம்போல் தெருவில் முழங்கால் தண்ணீர். தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாய். கடித்துக்கொள். திட்டையெல்லாம் மொத்தமாக அடுத்த கடிதத்தில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டை ரவி காலி செய்கிறான் இல்லையா? உன் அப்பா, என் மாமா, வைத்திருந்த தகரப் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கிவிட்டான். "அக்கா, நீங்க டீச்சர், உங்களுக்குத்தான் இது புரியும். வேணாம்னா தோட்டத்துல கொட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். கொட்டுவதாமே! மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வழுதாவூர், சேதராப்பட்டு, திருவக்கரை என்று சுற்றி, அந்தக் காலத்து உயிர்கள் கல்லாய்ப் போன புதைபடிவம் என்று பொறுக்கி வந்தது அத்தனையும் அதில்தான் இருக்கிறது. உன் கல்யாணச் சீர் என்று நாம் கேலி செய்வோமே, அதே பெட்டி.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை என் வசம். அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடுகிறார்.

முதலில் உனக்கு ஏமாற்றம் தரும் செய்தி. பெட்டியில் பாதி வெறும் கல். டைனோசர் முட்டை என்று ரவி பள்ளிக்கூடம் முழுக்க அளந்துவிட்டு வந்தானே, அது இரும்புச்சத்து உருண்டு இறுகிய கட்டி. நீ நோட்டுக்குள் வரைந்து வைத்துக்கொண்ட அந்தப் 'பெரணி இலை' பெரணியே இல்லை. கல் விரிசலில் மாங்கனீசு நீரோடு கசிந்து கிளை கிளையாகப் படிந்தது. இலையாக இருந்தால் நடுநரம்பு இருக்க வேண்டும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. மாமாவுக்கு இது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீ அழுவாய் என்று சொல்லாமல் விட்டிருப்பார்.

மீதிப் பாதிதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. உடைந்த குழாய்த் துண்டு மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் மேல் சரிகைக் கரையாக நெளிநெளியாய்க் கோடு ஓடுகிறது. அது பாக்குலைட்டஸ், சுருளாமல் நீளமாகவே வளர்ந்த அம்மோனைட். அம்மோனைட் என்றால் பெரும்பாலும் சுருள் ஓட்டில் அறை அறையாகக் கட்டி வாழ்ந்த, கணவாய்க்கு உறவான கடல் பிராணி. உள்ளே இருக்கும் அறைச்சுவர் ஓட்டோடு ஒட்டுகிற இடம்தான் அந்தக் கோடு. இவ்வளவு நெளிவு இருந்தால் அம்மோனைட் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். வழுதாவூர்ப் பாறையில் இந்த வகை நிறையக் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 7 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் அது.

பாட்டி சாளக்கிராமம் என்று பூஜையில் வைத்துக் குங்குமம் இட்டாரே ஒரு சுருள் கல், அதுவும் இதில் இருக்கிறது. வெள்ளை பெயின்டில் 12 என்று எண் போட்டிருக்கிறது. பாட்டியைக் கேலி செய்யாதே. கே, கன்லிஃப் என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரிப் பக்கம் பொறுக்கியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1846இல் லண்டனில் உட்கார்ந்து வகைப்படுத்தினார். அதில் இருந்த அம்மோனைட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேள்: பிரம்மா, இந்திரா, சூர்யா, கணேசா. பாட்டி குங்குமத்தோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் 12 அம்மோனைட்டே இல்லை வசந்தி. ஒரு பக்கம் உடைந்திருப்பதால் அறைகள் நன்றாகத் தெரிகின்றன. அறைச்சுவரின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. உயிரோடு இருந்தபோது எல்லா அறைகளையும் இணைத்த குழாய் அதன் வழியாகத்தான் போயிருக்கும். அம்மோனைட்டில் அந்தக் குழாய் வெளிவிளிம்பை ஒட்டிப் போகும். சுவர்க் கோட்டிலும் நெளிவு கிடையாது, லேசாக வளைந்து போய்விடுகிறது. ஆக, இது நாட்டிலஸ் கூட்டம், அம்மோனைட்டுக்குத் தூரத்து உறவு. அன்று ராத்திரி அவரை எழுப்பிச் சொன்னேன். "சந்தோஷம், லைட்டை அணை" என்றார்.

உனக்கும் கொட்டாவி வருகிறதா? பொறு, என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. அம்மோனைட்டுகள் 6.6 கோடி வருஷத்துக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து ஒழிந்துபோயின. அதனால் அம்மோனைட் கிடைத்தால் பாறையின் வயதைக் கணக்குப் போட்டுவிடலாம். நாட்டிலஸ் கூட்டம் அந்தப் பேரழிவில் தப்பி, இன்றும் கடலில் இருக்கிறது. நம் புதுச்சேரிப் பக்கமோ அழிவுக்கு முந்தைய பாறையும் பிந்தைய பாறையும் சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கின்றன. வழுதாவூர்ப் படிவம், அதாவது அங்கே இருக்கும் பாறை அடுக்கு, முந்தையது. கரசூர், மணவெளிப் படிவங்கள் பிந்தையவை. 12 எந்தப் பக்கத்துக் கல்? கல்லைக் கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. வினிகர் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்பு. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை உண்டு, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கல்மரத் துண்டு இன்னும் மோசம். எண் 41. குறுக்கு வெட்டில் லென்ஸ் வைத்தால் ஊசிமுனைத் துளைகள் தெரிகின்றன. ஊசியிலை மரமென்றால் துளை இருக்காது, ஆகவே இது பூக்கும் மரம். கடுக்காய்க் குடும்பமா, ஆமணக்குக் குடும்பமா என்று தெரிய வேண்டுமானால் மூன்று திசையிலும் கண்ணாடி மாதிரி மெல்லியதாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்கு என்னிடம் கருவி இல்லை. என் பயமும் அது இல்லை. இது திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குள்ளிருந்து வந்ததா, வெளியே ஏதாவது கிணறு வெட்டிய மண்ணிலிருந்து வந்ததா? பூங்காவிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. மாமா எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வேறு யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

எல்லாவற்றுக்கும் பதில் மாமாவின் நோட்டில் இருக்கிறது. கல்லில் எண், நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஊர், ஓடை, தேதி. ஒருமுறை நாம் இரண்டு பேரும் உஸ்டேரிக் கரையில் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றபோது அவர் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் எழுதக் கூடாதா என்று நீ சிணுங்கினாய். "வீட்டுக்குப் போனா எல்லாம் ஒரே கல்லாயிடும்மா" என்றார். அப்போது சிரித்தோம். இப்போது மேசையில் அப்படித்தான் கிடக்கிறது, எல்லாம் ஒரே கல்லாக.

நோட்டு பெட்டியில் இல்லை. ரவியைப் போனில் கேட்டேன். பழைய பேப்பர், நோட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டிருக்கிறானாம். நான் வந்து தேடுகிறேன் என்றால், "அக்கா, அதுல ஒரே எலிப் புழுக்கை" என்கிறான். எலியைப் பார்க்காத ஆளா நான்?

நோட்டு கிடைக்காமலே போனால் 12-க்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. அறைக்குள் அடைத்துக்கொண்ட மண்ணில் ஃபோராமினிஃபெரா என்கிற நுண்ணுயிரிகளின் ஓடுகள் இருக்கலாம். அந்த அழிவுக்கு முன் இருந்தவை வேறு, பின் வந்தவை வேறு. தெரிந்தவர்கள் பார்த்தால் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் அந்தக் கல்லைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். ஆனால் பெட்டி முழுவதற்கும் அப்படிச் செய்ய முடியாது. மரத்துக்கு அது உதவவும் உதவாது.

நோட்டு கிடைத்தால் பெட்டியோடு சேர்த்து நிலவியல் துறை உள்ள ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. 41 பூங்காவுடையது என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். உனக்குச் சம்மதமா? உன் அப்பாவின் சொத்து, நான் முடிவெடுக்க முடியாது. பாட்டியின் கல்லை மட்டும் நீ வைத்துக்கொள்வதென்றாலும் சரி, எண்ணும் ஊரும் எழுதிய சீட்டோடு வைத்துக்கொள்.

ரவி என் பேச்சைக் கேட்க மாட்டான், உன் பேச்சுக்குப் பயப்படுவான். கடிதம் கிடைத்தவுடன் அவனுக்குப் போன் போடு. கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட நீள நோட்டு. கடைசிப் பக்கங்களில் அத்தை பால் கணக்கு எழுதியிருப்பார், அதனால் பால் கணக்கு நோட்டு என்று நினைத்து வீசிவிடப் போகிறான். தை பிறந்ததும் பழைய பேப்பர்காரர் வருகிறாராம். அதற்குள் பேசு.

அன்புடன்,
கமலா