வகுப்பறைக் கூரைமேல் 5000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைப்பதை நிறுத்தி, தரையில் தூண் எழுப்பி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளிக்குப் புதிய கழிப்பறையும் கைகழுவும் குழாய்களும் கட்டித் தந்ததற்கு முதலில் நன்றி. அவற்றுக்குத் தண்ணீர் தர 5000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. அதை மூன்றாம் வகுப்பு அறையின் மேல்தளத்தில், நடுவில் செங்கல் மேடை கட்டி வைக்கப்போவதாக ஒப்பந்ததாரரின் ஆட்கள் சொல்கிறார்கள். என் மகள் படிப்பது அந்த அறையில்தான். நான் கட்டட மேஸ்திரி. அந்தத் தளம் இந்தப் பாரத்தைத் தாங்காது என்று கணக்கோடு தங்களிடம் சொல்லவே இந்த மனு.

காலித் தொட்டியை நாலைந்து பேர் கயிறு கட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். அதைப் பார்ப்பவர்களுக்குப் பாரம் பெரிதாகத் தெரியாது. தண்ணீர் நிரம்பிய பிறகுதான் பாரமே வருகிறது. தொட்டியின் விட்டம் 6 அடி, தண்ணீர் நிற்கும் உயரம் ஆறேகால் அடி. ஆரம் 3 அடி என்பதால் அடிப்பரப்பு 3.14 × 3 × 3 = 28.26 சதுர அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 176.6 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் கிட்டத்தட்ட 5000 லிட்டர் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் மட்டும் 5 டன். (நம் ஊர்ச் சூட்டில் லிட்டருக்கு 4 கிராம் குறையும், மொத்தத்தில் 20 கிலோதான். அதைக் கழித்தும் பயனில்லை.)

இதோடு செங்கல் மேடையையும் சேர்க்க வேண்டும். ஆறரை அடி நீளம், ஆறரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 63 கன அடிக் கட்டு. கன அடிக்கு 54 கிலோ வீதம் 3400 கிலோ. தொட்டியின் சொந்த எடையை வெறும் 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் எட்டரை டன். 60 கிலோ எடையுள்ள பெரியவர்கள் 140 பேர் அந்த ஆறரை அடிச் சதுரத்துக்குள் நிற்பதற்கு இது சமம்.

ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை 875, இரண்டாம் பகுதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். நம் கணக்கில் சதுர அடிக்கு 14 கிலோ. மேடை நிற்கும் இடத்தில் விழப்போவதோ சதுர அடிக்கு 200 கிலோ, அதாவது பதினான்கு மடங்கு. இதைச் சொன்னபோது, "தளம் முழுக்கப் பாரம் பரவிவிடும்" என்று பதில் வந்தது. அறை 20 அடிக்கு 16 அடி, 320 சதுர அடி. முழுக்கப் பரவுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் சதுர அடிக்கு 26 கிலோவுக்கு மேல் வருகிறது; அனுமதித்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உண்மையில் அப்படிச் சமமாகப் பரவவும் பரவாது. சுவரை விட்டு விலகி, தளம் வளையும் நடுப்பகுதியிலேயே முழுப் பாரமும் உட்காரும்.

புதுத் தளத்துக்கே இந்தக் கதி என்றால், இது கட்டி நாற்பது ஆண்டுக்கு மேலான தளம். அடிப்பூச்சு உதிர்ந்து இரண்டு இடங்களில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. தொட்டியில் சின்னக் கசிவு இருந்தாலும் துரு இன்னும் வேகமாக ஏறும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டதும் தாங்கள் அறியாதது அல்ல.

தொட்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை ஐயா. 90 பிள்ளைகள் படிக்கிறார்கள். பகல்நேரப் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் என்ற அளவுப்படி நாளைக்கு 4050 லிட்டர் தேவை. 5000 லிட்டர் சரியான அளவே. வைக்கும் இடம்தான் தவறு. குழாய்கள் எல்லாம் தரைமட்டத்தில் இருக்கின்றன. தண்ணீரின் அழுத்தம் தொட்டி நிற்கும் உயரத்தைப் பொறுத்ததே தவிர, அது வகுப்பறைமேல் நிற்கிறதா தனியே நிற்கிறதா என்பதைப் பொறுத்தது அல்ல. கழிப்பறையை ஒட்டிய காலி இடத்தில் தனி அடித்தளம் போட்டு, நான்கு கான்கிரீட் தூண்களும் மேலே ஒரு தளமும் எழுப்பி, 10 அடி உயரத்தில் வைத்தால் எல்லாக் குழாய்க்கும் தண்ணீர் தாராளமாக வரும். செலவு கூடும்தான். மதிப்பீட்டைத் திருத்த நாளாகும் என்றால் அதுவரை தரையிலேயே தொட்டியை வைத்து, தண்ணீரை வாளியில் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளப் பெற்றோர் நாங்கள் சம்மதிக்கிறோம்.

ஆகவே, மேடை கட்டும் வேலையை உடனே நிறுத்த உத்தரவிடும்படியும், ஒன்றியப் பொறியாளரை அனுப்பி அந்தத் தளத்தை நேரில் சோதிக்கும்படியும், தொட்டியைத் தனித் தூண்களின்மேல் வைக்கத் திருத்திய மதிப்பீடு தயாரிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செங்கல் ஏற்கெனவே மாடிக்கு ஏறிவிட்டது. அதையும் கீழே இறக்கச் சொல்ல வேண்டுகிறேன். இந்த ஒன்றியத்தில் மற்றப் பள்ளிகளுக்குத் தொட்டி கொடுக்கும்போதும், வேலை உத்தரவில் லிட்டர் அளவோடு தண்ணீர் நிரம்பிய எடையையும் எழுதச் செய்தால், வைக்கும் ஆட்களுக்கு அது முதலிலேயே தெரிந்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு.

இணைப்பு: அறை, மேடை, தொட்டி அளவுகள் குறித்த கைவரைபடம், பெற்றோர் கையொப்பங்கள்.