உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்கு நீ கோபித்துக்கொண்டிருப்பாய் என்பதும், அந்தக் கோபம் இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைத் தாண்டாது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் செல்லப்பிள்ளை கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டான். இன்றும் உன்னை ‘வக்கீல் அத்தை’ என்றுதான் சொல்கிறான். இருபத்தெட்டு வாரத்தில், ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளை இப்போது நிலைப்படியில் குனிந்து வருகிறான் என்பதை நீயே வந்து பார்த்தால்தான் நம்புவாய்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. அவனைக் காப்பாற்றிக் கொடுத்த அதே மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வாரம் ஒரு மாலை போய்வருகிறேன். முன்பு அங்கே குறைமாதக் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருந்த பெற்றோர் சிலரை அழைத்து, பயிற்சி கொடுத்து, இப்போது காத்திருப்பவர்களோடு பேச வைக்கிறார்கள். தலைமைச் செவிலியர் என்னைக் கேட்டபோது நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். நம் கணக்கு டீச்சர் இருந்திருந்தால், ‘இவளைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்களா, பேச்சை நிறுத்தச் சொல்லியா’ என்று கேட்டிருப்பார். உண்மையில் அங்கே நான் பேசுவது குறைவு. கேட்டுக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலான வேலை.

அந்த அறை உனக்குத் தெரியும். முழங்கை வரை கை கழுவி, கவுன் போட்டுக்கொண்டு உள்ளே வரும் தாய் முதலில் பார்ப்பது குழந்தையை அல்ல, மானிட்டரை. ஆக்சிஜன் அளவு எத்தனை, இதயத்துடிப்பு எத்தனை என்று கண் அதிலேயே நிலைத்துவிடுகிறது. மணி அடித்தால் அவளுக்கு உயிர் போய்விடுகிறது. சில வேளைகளில் பாதத்தில் ஒட்டிய சென்சார் நழுவியதால் அடித்திருக்கும். சில வேளைகளில் குழந்தை மூச்சு விடவே மறந்திருக்கும். செவிலியர் உள்ளங்காலை லேசாகத் தடவுவார், நெஞ்சு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கும். மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்னும் முதிராததால் இப்படி நேர்கிறது என்று மருத்துவர் தெளிவாகவே விளக்குகிறார். தாய் தலையை ஆட்டுகிறாள்; ஆனால் அவர் சொன்ன எதுவும் அவளுக்குள் போகவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

போன மாதம் ஒரு பெண், குழந்தை பிறந்த நான்காம் நாள் அதன் எடையைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். பிறந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. முதல் சில நாள்களில் உடலிலிருக்கும் அதிகப்படி நீர் வெளியேறுவதால் எடை குறைவது இயல்பு, குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குறையும், பழைய எடைக்கு வர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவள் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: ‘உங்கள் பிள்ளைக்கும் குறைந்ததா?’ குறைந்தது என்றேன். ‘நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்றாள். வீட்டில் யாரிடமும் எடையைச் சொல்லாமல் இருந்தேன் என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, தானும் அன்று காலையிலிருந்து மாமியாரின் போனை எடுக்கவில்லை என்று சொன்னாள். அதன்பின் நாங்கள் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மருத்துவம் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

இந்த ஏற்பாடு வெறும் ஆறுதல் வார்த்தைக் கூட்டம் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். ஆதாரம் இல்லாமல் நீ எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாய். கனடாவில் டொரண்டோ நகர மருத்துவமனை ஒன்றில், மிகவும் குறைமாதத்தில் பெற்ற தாய்மார்களுக்கு, அதே அனுபவம் கொண்ட, பயிற்சி பெற்ற இன்னொரு தாயைத் துணையாகச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2003இல் வெளியாயின. துணை கிடைத்தவர்களுக்கு நான்காம் வாரத்திலேயே மன அழுத்தம் குறைவாக இருந்தது. பதினாறாம் வாரத்தில் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. பிறகு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 26 மருத்துவமனைப் பிரிவுகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2018இல் வெளிவந்தது. அதில் பெற்றோர் நாளுக்கு ஆறு மணி நேரமாவது உள்ளே இருந்து, பால் கொடுப்பது, துணி மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது, குறித்து வைப்பது எல்லாவற்றையும் செவிலியர் கற்றுக்கொடுக்கத் தாங்களே செய்தார்கள். முன்னாள் பெற்றோரின் துணையும் அந்த முறையில் ஒரு பகுதி. குழந்தைகள் கூடுதலாக எடை ஏறின, பெற்றோரின் பதற்றம் குறைந்தது. இதற்கு வேர் எஸ்தோனியாவின் டாலின் நகரில் இருக்கிறது. அங்கே 1979இலேயே செவிலியர் பற்றாக்குறையால் தாய்மாரையே பராமரிப்பில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நம் காலத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தானே விட்டார்கள்! அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். மருந்து, கருவி, சிகிச்சை பற்றி எங்கள் வாயிலிருந்து ஒரு கருத்தும் வரக் கூடாது. கேள்வியை எப்படி மருத்துவரிடம் கேட்பது என்று மட்டும் உதவலாம். ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடக் கூடாது. ‘எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்று சொல்லவே கூடாது, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். என் பிள்ளையின் இன்றைய புகைப்படத்தைக்கூட அவர்களாகக் கேட்டால் தவிர காட்டுவதில்லை. தலையில் இரத்தக்கசிவு என்று அன்று காலைதான் ஸ்கேனில் தெரிந்துகொண்ட ஒருவருக்கு என் பிள்ளையின் உயரம் எந்த வகையில் ஆறுதல்? தந்தையருக்கென்று தனியாக ஒருவர் வருகிறார். அது அவசியம் என்று எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. படிவத்தில் கையெழுத்து, இரத்தம், மருந்து என்று ஓடும் அந்த மனிதரிடம் எல்லாரும் மனைவி எப்படி இருக்கிறாள், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்களே தவிர, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இனி எழுதப்போவதை நீ தனியாக இருக்கும்போது படி.

இரட்டைக் குழந்தைகள் பெற்ற ஒரு தாய் அங்கே இருக்கிறாள். ஒரு குழந்தை போய்விட்டது. இன்னொன்று இன்குபேட்டரில் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் எல்லாரும், ‘ஒன்றாவது நிலைத்ததே என்று மனத்தைத் தேற்றிக்கொள்’ என்கிறார்கள். அவள் தினமும் பாலைப் பீய்ச்சிக் கொண்டுவந்து கொடுக்கிறாள்; உயிரோடிருக்கும் குழந்தையைக் கங்காரு முறையில் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மகிழ வேண்டுமா அழ வேண்டுமா என்பதை மற்றவர்களே முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. நான் அவள் அருகில் உட்கார்ந்தேன். ஆனால் பிள்ளையோடு வீடு திரும்பியவள் நான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அனுபவத்துக்கு ஏற்றவரையே துணையாக அனுப்ப வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னதன் பொருள் அந்த அரை மணி நேரத்தில் எனக்கு விளங்கியது. குழந்தையை இழந்த தாய் ஒருவர்கூட எங்கள் குழுவில் இல்லை.

உன் மகள் உயிரோடு இருந்த அந்தச் சில நாள்களைப் பற்றி நீ ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசியிருக்கிறாய். அவளுக்கு நீ வைத்திருந்த பெயரை யாருமே கேட்கவில்லை என்று சொன்னாய். ‘அடுத்தது நன்றாகப் பிறக்கும்’ என்றவர்களை நீ மன்னித்தாலும் மறக்கவில்லை என்றும் சொன்னாய். நான் அவளை அவள் பெயரால்தான் இன்றும் நினைக்கிறேன்.

நீ எங்கள் குழுவுக்கு வர முடியுமா? இந்தத் தாய்க்காக மட்டும் கேட்கவில்லை. உனக்குப் பயிற்சி முடிவதற்குள் அவள் வீட்டுக்கே போயிருக்கலாம். இப்படிப்பட்ட பெற்றோர் மறுபடி மறுபடி வருவார்கள், அவர்களுக்கு உன்னைப் போல் ஒருவர் இருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. நேரில் வர வேண்டியதில்லை, தொலைபேசியிலும் பேசலாம். உன் கதையைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மனநல ஆலோசகர் நம்மோடு பேசுகிறார். பாரம் தாங்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இது பழைய காயத்தைக் கிளறும் என்பதை மறைத்து உன்னை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கிளறத்தான் செய்யும். எனக்கே மணிச் சத்தம் கேட்ட முதல் மாலை கை நடுங்கியது.

அடுத்த பயிற்சி வரும் மாதம் தொடங்குகிறது. உன் பெயரை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முடியாது என்றால் ஒரு வரி எழுது, காரணம் எழுதாதே. யோசிக்க வேண்டும் என்றால் ஆலோசகரின் எண்ணை அனுப்புகிறேன். என்னைத் தாண்டி அவரிடமே கேட்டுக்கொள். வக்கீல் குறுக்கு விசாரணை எதுவானாலும் அவர் தாங்குவார்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழி