சிறுவர் பக்கத்தில் அடங்கும் படமா இது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் 'போன்யோ' என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) படத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. லீவு நாளில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம், பெரியவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை என்ற அளவில் முடித்திருந்தார் எழுதியவர். எனக்கு 42 வயது. இருபது வருடமாக அனிமே பார்க்கிறேன், இந்தப் படத்தை மட்டும் ஏழெட்டு முறை பார்த்திருப்பேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதை எளியதுதான். மனித முகம் கொண்ட குட்டி மீன் ஒன்று, கடலோரக் குன்றின் மேல் குடியிருக்கும் ஐந்து வயதுப் பையன் சோசுகேவிடம் வந்து சேர்கிறது. மனுஷியாக வேண்டும் என்று ஆசைப்படுகிறது, அந்த ஆசையில் கடலே நிலைகுலைந்து ஊருக்குள் ஏறி வந்துவிடுகிறது. எதற்கும் சரியான விளக்கம் இல்லை என்பது உங்கள் குறிப்பு சொல்லும் குறை. ஐந்து வயதில் நமக்கும் உலகம் அப்படித்தானே இருந்தது? மழை வந்தது, மீன் வந்தது, அப்பா வேலைக்குப் போனார், எல்லாமே ஒரே அளவு ஆச்சரியம். படம் அந்த உயரத்தில் நின்றுதான் பார்க்கிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பையனின் அம்மா லிசாவுக்காக. முதியோர் இல்லத்தில் வேலை, கணவர் கப்பல் கேப்டன். வீட்டுக்கு வர வேண்டிய நாளில் அவரால் வர முடியவில்லை. விளக்கைச் சிமிட்டி மோர்ஸ் சங்கேத மொழியில் "முட்டாள், முட்டாள்" என்று நடுக்கடலில் நிற்கும் கப்பலைத் திட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள், அந்தச் சின்னப் பையன் வந்து அவள் தலையைத் தடவித் தேற்றுகிறான். இது குழந்தைகளுக்கு மட்டும் எழுதிய காட்சியா? புயல் ராத்திரியில், யார் என்றே தெரியாத ஒரு செந்தலைச் சிறுமி அலை மேல் ஓடி வந்து, 'இதுதான் அந்த மீன்' என்று மகன் சொல்லும்போது, அவள் பொய் சொல்லாதே என்று அதட்டுவதில்லை. தலை துவட்டத் துண்டு, தேன் கலந்த சூடான பால், அப்புறம் ராமென் நூடுல்ஸ் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி மூடி, மூன்று நிமிடம் பொறுங்கள் என்கிறாள். மூடியைத் திறந்தால் ஹாமும் முட்டையும். அவ்வளவுதான், அந்தச் சிறுமி அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள்.

அதே இரவில் இரண்டு பிள்ளைகளையும் தனியே விட்டுவிட்டு முதியோர் இல்லத்துப் பாட்டிகளைப் பார்க்கக் கார் எடுத்துக்கொண்டு போகிறாளே, அதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. முடிவும் அவசரமாக வருகிறது. உலகம் சமநிலைக்குத் திரும்புவதை ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும் ஒரு வாக்கில் வைப்பது பெரிய பாரம், அதைப் படம் லேசாகத் தாண்டிவிடுகிறது.

அப்புறம் அந்த அலைகள். இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2005இல் ஹிரோஷிமா மாகாணத்தின் தோமோனோஉரா என்ற துறைமுக ஊரில் தங்கியிருந்தார், அங்கிருந்துதான் படத்தின் ஊர் பிறந்தது. படம் வெளியான 2008இல் அவருக்கு 67 வயது. கணினி வரைகலை வேண்டாம் என்று அவருடைய படநிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லி சுமார் 1,70,000 படங்களைக் கையாலேயே வரைந்தது. அதனால்தான் அலைகள் கண் வைத்த பெரிய மீன்களாகப் புரண்டு எழும்போது அது தந்திரக்காட்சியாகத் தெரியாமல் உயிராகத் தெரிகிறது.

நான் கடலூர்க்காரன். தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் தெருவுக்குள் வந்த தண்ணீர் கறுப்பாக, சேறாக இருந்தது. படத்திலோ வெள்ளம் கண்ணாடி போல இருக்கிறது, மூழ்கிய சாலை மேல் பழங்காலத்து மீன்கள் நீந்துகின்றன, ஊர்ச்சனம் திருவிழாவுக்குப் போவது போலப் படகில் போகிறார்கள், யாரும் சாகவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. சில வருடம் கழித்து முழுதும் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் தோகி என்று ஒரு பாட்டி, மனித முகமுள்ள மீன் சுனாமியைக் கொண்டுவரும் என்று ஆரம்பத்திலேயே அலறுகிறார். ஆக இந்தப் படத்துக்கு அந்தப் பயம் தெரியும். தெரிந்தேதான் அந்த ஒரு நாள் மட்டும் கடல் யாரையும் எடுத்துக்கொள்ளாமல் விடுகிறது. அது பொய் என்று இன்னும் ஒரு மனது சொல்கிறது, ஆனால் அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

அடுத்த முறை இப்படி ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது சினிமாப் பக்கத்தில், மற்ற படங்களுக்குக் கொடுக்கும் அதே இடத்தைக் கொடுத்து எழுதுங்கள். இருபது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிறேன், அந்த உரிமையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கடலூர்