இன்டர்வியூவுக்குப் போகும் சுப்பையாவுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதமும், கூட வைத்திருந்த பர்ச்சேஸ் வேலை இன்டர்வியூ அழைப்புக் கடித நகலும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாகப் பரண் மேல் இருக்கும் ஒட்டடையைக் காட்டி எங்களைத் திட்டுகிறார். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி கிடையாது. எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் சீசன். செப்டம்பர் கடைசிக்குள் கம்பெனிகள் ஆண்டுக் கூட்டம் நடத்தியாக வேண்டும், அதிலிருந்து 30 நாளில் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தீபாவளி ஜவுளியெல்லாம் வீட்டுக்காரிதான் பார்த்துக்கொள்கிறாள்.

மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. "இந்த வயசில் போய் இன்டர்வியூவில் உட்காரணுமா" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதுவதாக இல்லை. ஸ்டோர்ஸிலும் பர்ச்சேஸிலும் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கம்பெனி வெப்சைட்டில் இருக்கிற விஷன், மிஷன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறேன் என்றாயே, அதை முதலில் நிறுத்து. அங்கே இருப்பது அவர்கள் சொல்ல ஆசைப்படுவது. சட்டத்துக்குப் பயந்து சொல்லியே தீர வேண்டிய சங்கதிகள் வேறு இடத்தில் கிடக்கின்றன. நான் தினமும் சோறு தின்பதே அந்த இடத்தில்தான்.

அழைப்புக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் சிஐஎன், அதாவது கம்பெனியின் அடையாள எண் என்று எழுத்தும் எண்ணும் கலந்து 21 இலக்கம் இருக்கிறது பார். லெட்டர்பேடில் அதைப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் எழுத்து யு, அதாவது பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி. இருந்தால் எல் என்று தொடங்கும். அடுத்த ஐந்து எண்கள் தொழிலின் வகை. பிறகு வருகிற டிஇசட் கோவைப் பதிவாளர் ஆபீஸ், சென்னை என்றால் டிஎன். அப்புறம் 2011. கம்பெனி பதிவான வருஷம் அது. வெப்சைட்டிலோ நாற்பது ஆண்டுப் பாரம்பரியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்! உடனே பொய் என்று முடிவு கட்டிவிடாதே. அப்பா பார்ட்னர்ஷிப்பாக ஆரம்பித்ததை, மகன் தலையெடுத்ததும் பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருப்பார்கள். கோவையில் பாதி இன்ஜினியரிங் கம்பெனிகளின் கதை இதுதான். ஆனால் யார் ஆரம்பித்தது, இப்போது யார் கையில் சாவி என்று நீ தெரிந்துகொள்வது நல்லது. நாளைக்கு உன் பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

அந்த எண்ணைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டால் டைரக்டர்கள் யார், எப்போது சேர்ந்தார்கள், எந்த பேங்கில் கடன், கடைசியாகத் தாக்கலான பேலன்ஸ் ஷீட் எந்தத் தேதி என்று காசில்லாமலே தெரியும். நான் பார்த்துவிட்டேன். (நல்லவேளை, அவர்கள் எங்கள் ஆபீஸ் பார்ட்டி இல்லை. இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும்.) பேலன்ஸ் ஷீட் வருஷா வருஷம் ஒழுங்காகப் போயிருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸ் கம்பெனி கதை ஞாபகம் இருக்கிறதா? 2022 மார்ச்சில் முடிந்த வருஷத்துக் கணக்கு ரொம்பவும் தாமதமாகிறது என்று சொல்லி 2023 ஜூனில் டெலாய்ட் ஆடிட்டர் பொறுப்பிலிருந்து விலகியது. கணக்குத் தள்ளிப் போகிறது என்றால் உள்ளே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம்.

அதே தளத்தில் 100 ரூபாய் கட்டினால் பேலன்ஸ் ஷீட்டையே திறந்து பார்க்கலாம். இங்கேதான் நீ நிதானமாக உட்கார வேண்டும். முதலிலிருந்து கடைசிவரை படிக்காதே, எங்களுக்கே தூக்கம் வரும். நீ போகிற வேலை பர்ச்சேஸ். அதனால் டிரேட் பேயபிள்ஸ், அதாவது சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி என்கிற குறிப்பை எடு. சில வருஷங்களாக அதில் வயது வாரியாக ஒரு அட்டவணை போட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் எவ்வளவு, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, அதற்கும் மேல் எவ்வளவு என்று. சிறு தொழில்காரர்களுக்குத் தனி வரிசை, மற்றவர்களுக்குத் தனி. இவர்களுடையதில் சிறு தொழில் வரிசை சுத்தமாக இருக்கிறது. மற்றவர்கள் வரிசையில்தான் இரண்டு வருஷம் தாண்டிய தொகை ஒன்று நிற்கிறது. தகராறில் நிற்கிற பாக்கிக்கு அட்டவணையிலேயே தனி வரிசை உண்டு. ஆனால் இது ஏன் நிற்கிறது, இழுத்தடிக்கிற பழக்கமா என்று காகிதத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனி. பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் 31 அன்று எடுத்த போட்டோ. சிறு தொழில் பார்ட்டிகளுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ல் வந்த சிறு தொழில் சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டினால் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரியில் பிடித்தார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசி வாரத்தில் செக் பறக்கிறது. ஆகவே மார்ச்சில் சுத்தமாக இருப்பதை வைத்து டிசம்பரை எடை போடாதே. பாக்கியை வருஷக் கொள்முதலால் வகுத்து 365-ஆல் பெருக்கு, சராசரியாக எத்தனை நாள் கடனில் ஓட்டுகிறார்கள் என்று வரும். நான் போட்ட கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக நாள் கூடிக்கொண்டே வருகிறது. விற்பனையும் கூடியிருக்கிறது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பணம் வரவில்லை என்று பார்ட்டிகள் போனில் கத்துவது முதலாளியிடம் இல்லை, உன்னிடம்.

பிஎஃப் தளத்திலும் ஒரு தடவை எட்டிப் பார். கம்பெனி பெயரைத் தேடினால் எந்த மாதச் சம்பளத்துக்கு எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள், எத்தனை பேருக்கு என்று வரிசையாக வரும். அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டியது. தேதி தள்ளித் தள்ளிப் போனால் சம்பளமும் அப்படித்தான் போகும். ஆள் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பாதே. கான்ட்ராக்ட் ஆட்களின் பிஎஃப் கான்ட்ராக்டர் கணக்கில் போகும்.

பேங்க் கடன் இருப்பதால், கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மதிப்பெண் போடுகிற ரேட்டிங் ஏஜென்சி எழுதிய குறிப்பும் இருக்கலாம். கிரிசில், இக்ரா, கேர் மூன்றிலும் பெயரைப் போட்டுத் தேடு. எந்தக் கஸ்டமரை நம்பி வண்டி ஓடுகிறது என்பதை இரண்டு மூன்று பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிடுவார்கள். கம்பெனி விவரம் தராமல் டபாய்த்தால் ஒத்துழைக்கவில்லை என்று ரேட்டிங்குக்குப் பக்கத்திலேயே முத்திரை குத்தியிருக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், காகிதத்தை நம்பி மோசம் போன பெரிய படிப்பாளிகளும் உண்டு. சத்யம் என்கிற ஐடி கம்பெனிக்கு 2008-ல் நல்ல நிர்வாகத்துக்கு என்று விருதே கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று சேர்மனே கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் பேங்க் இருப்பும் இல்லாதது என்று ஒப்புக்கொண்டார். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்குதான் அது. எங்கள் பிழைப்பையே நானே குறைத்துப் பேசுகிறேன் பார்.

அதனால் பெண் கொடுக்கிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல ஆட்களிடமும் கேள். உனக்கு அது கஷ்டமே இல்லை. உனக்கு பேரிங் கொடுக்கிற பார்ட்டிகளில் கோவைக்காரர் ஒருவராவது இருப்பார். அவர் இவர்களுக்கும் சரக்கு கொடுக்கிறாரா, கொடுத்தால் கடனுக்கா ரொக்கத்துக்கா என்று மட்டும் கேள். "முன்பணம் இல்லாமல் வண்டி ஏற்ற மாட்டேன்" என்று சொன்னால் அந்த ஒரு வரி பேலன்ஸ் ஷீட் முழுவதற்கும் சமம். உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

உள்ளே போய் இதையெல்லாம் ஒப்பிக்காதே. பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தேன் என்று நீயாகச் சொல்லவும் வேண்டாம். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் சொந்தமாக நடத்துகிறவர்களுக்கு அது மடியில் கை வைத்தது மாதிரிதான் படும். "சப்ளையர் பேமெண்ட் எத்தனை நாளில் போகிறது, அதை முடிவு செய்வது பர்ச்சேஸா அக்கவுண்ட்ஸா" என்று கேள், போதும். பதில் சொல்லும்போது முதலாளி அக்கவுண்ட்ஸ் மேனேஜர் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனி. சம்பளப் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

ராஜபாளையம் பஸ் சிங்காநல்லூரில்தான் நிற்கும். முதல் நாள் ராத்திரியே வந்துவிடு, லாட்ஜ் கீட்ஜ் என்று போனால் அம்மாவிடம் நீயே பதில் சொல்லிக்கொள். கணக்குப் போட்ட தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கலாம். தங்கச்சிக்கும் பையனுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
கணேசன்