இணையத்தில் பாடம் நடத்தப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இந்தப் பருவம் முழுக்கப் புள்ளியியலை இணையவழியில் நடத்தப் போகிறாய் என்று அறிந்து சந்தோஷம். அறுபது பேர், ஒரு முகமும் தெரியாது, கேமராவைக் கட்டாயமாக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. ஒரே அறையில் அண்ணன் தங்கையோடு உட்கார்ந்து, நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவை வைத்து வகுப்பு கேட்கிற பிள்ளைக்கு கேமராவை அணைத்து வைக்க எத்தனையோ காரணம் இருக்கும். பாதிப் பேர் திரையில் ‘ரெட்மி’ என்று போன் பெயரிலேயே வந்து நிற்பார்கள். பெயரை மாற்றச் சொல், அது போதும்.

பிள்ளைகள் எழுதி அனுப்புவதற்கு நீ என்ன பதில் எழுதுகிறாய் என்பதில்தான் உறவு வளரும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 1971-இல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கியபோது பாடம் பிபிசியிலும் தபாலிலும் போனது. கூடவே ஒவ்வொருவருக்கும் ஒரு டியூட்டர் இருந்தார். பயிற்சித்தாளைத் திருத்தி அவர் எழுதி அனுப்பும் குறிப்பும் அங்கே பாடம்தான். தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூரும் 1970களிலிருந்து இதையே வேறு விதமாகச் சொல்லிவந்தார்: பாடத்திட்டம் இறுகி உரையாடல் குறையும்போதுதான் ஆசிரியரும் மாணவரும் விலகிப் போகிறார்கள், ஊர்த் தூரம் இரண்டாம்பட்சம்.

ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் நம் என்பிடெல் படிப்புகளில் வாராந்தரப் பயிற்சியைப் பெரும்பாலும் கணினியே திருத்துகிறது. ஒரு பாடத்துக்கே ஆயிரக்கணக்கில் சேரும்போது வேறு வழியில்லை. உனக்கு அறுபது பேர்தானே!

முதல் வாரமே மதிப்பெண் இல்லாத சின்னக் கணக்கு ஒன்று கொடு. தாளில் போட்டுப் படம் எடுத்து அனுப்பட்டும். ‘10-க்கு 6’ என்று மட்டும் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு நீ யாரோதான். ‘விலக்கங்களின் வர்க்கம் வரை சரியாக வந்திருக்கிறாய், கடைசியில் வர்க்கமூலம் எடுக்காமல் விட்டதால் திட்ட விலக்கத்துக்குப் பதில் மாறுபாடு வந்துவிட்டது’ என்று பெயர் சொல்லி எழுதிப் பார். தன் தாளை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று அதற்குத் தெரியும். அடுத்த சந்தேகம் தானாக வரும். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். வாராவாரம் முடியாது. முதல் வாரம் எல்லாருக்கும் எழுது, அப்புறம் வாரம் பதினைந்து பேர் என்று சுற்றில் விடு. எழுதக் கை வலித்தால் வாய்ஸ் நோட் அனுப்பு.

இரண்டு வாரம் ஆளைக் காணோம் என்றால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காதே, விசாரணை மாதிரி இருக்கும். ‘மூன்றாம் வாரத்தில் எங்கே நின்றாய், அங்கிருந்து பார்க்கலாம்’ என்று ஒரு வரி போடு. அந்த வரியை அந்தப் பிள்ளைக்குத் தனியாக அனுப்பு, எல்லார் முன்னாலும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கவனமாக இரு. சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு அதனால் வரும் தொல்லை சின்ன விஷயம் இல்லை. சந்தேகங்களைப் பாடத்தளத்திலேயே கேட்கச் சொல். எந்த நேரத்தில் பதில் தருவாய் என்று முதல் நாளே அறிவித்துவிட்டு, அந்த நேரத்தைத் தவறாமல் காப்பாற்று. இரவு பதினொரு மணிக்குப் பதில் போட்டுப் பழக்கிவிட்டால் உனக்கும் தூக்கம் போகும், அவர்களுக்கும் போகும்.

முதல் வாரக் கணக்கை முடிவு செய்ததும் எனக்கு அனுப்பு, போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா