துவர்ப்பு தெரிந்த நாக்குக்கு 20 டாலர் வைன் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தெற்கு ஆஸ்திரேலியாவில் வைனுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்கு பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஊரைக் கண்முன் கொண்டுவந்திருந்தார் கட்டுரையாளர். ஆனால் அங்கே போனால் 100 டாலருக்குக் குறைந்த சிவப்பு வைனைத் தொடவே வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிலெய்டுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. அறுவடை முடிகிற ஏப்ரலில் பரோசாவின் தனுண்டா ஊர்ப் பக்கம் வைன் தயாரிக்கும் ஒரு சிறிய குடும்ப வைனரிக்கு நானும் கணவரும் தவறாமல் போவோம். எங்கள் பையில் ஏறுவதெல்லாம் 20, 25 டாலர் போத்தல்கள்தான்.

அங்கே ஊற்றிக் கொடுக்கும் பெரியவர் எப்போதும் கிரெனாஷ் என்ற திராட்சை ரகத்தின் வைனில் தொடங்குவார். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிய நிறம். நிறமெல்லாம் திராட்சைத் தோலிலிருந்து வருவது. கிரெனாஷுக்குத் தோல் மெலிசு. முகர்ந்தால் ஸ்ட்ராபெரி, அப்புறம் லேசாக மிளகு. அடுத்து ஷிராஸ் ரகம், கருநீலமாக, கனமாக. கடைசியில் மட்டாரோ என்ற ரகம். அதை வாயில் வைத்ததும் ஈறு இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடிப்பை விளக்க அவர் கையைக் காலை ஆட்டுவார். நமக்கு எதற்கு விளக்கம்? வாழைப்பூவும் பாக்கும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்தவர்களுக்கு அது துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். சிவப்பு வைனை ருசிக்கத் தமிழருக்குப் பயிற்சி வேண்டியதில்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

விலை ஏன் ஏறுகிறது என்பதையும் அந்தக் கட்டுரை சொல்லியிருக்கலாம். புது பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய் ஒன்றே ஆயிரம் டாலருக்கு மேல் போகும். அதில் ஊறிய வைனுக்கு அந்தச் செலவும் சேரும், பெயரும் சேரும். பழைய பீப்பாயிலோ எஃகுத் தொட்டியிலோ இருந்து வரும் மலிவு வைனில் பீப்பாயின் வாசனை குறைவு, பழம்தான் முன்னால் நிற்கும். நம் சாப்பாட்டுக்கும் அதுதான் ஒத்துவரும். காரமான ஆட்டுக்கறி வறுவலோடு துவர்ப்பு மிகுந்த ஷிராஸைக் குடித்தால் வாய் எரியும். கிரெனாஷ் அப்படிப் படுத்தாது.

அந்தக் கிரெனாஷ் கொடிகளைப் பெரியவர் ஒருமுறை காட்டினார். கம்பம் பக்கம் போல் பந்தல் கிடையாது. ஒவ்வொன்றும் இடுப்புயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் குட்டை மரம். ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாததால், 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள்கூட பரோசாவில் இன்றும் காய்க்கின்றன. 1980களில் திராட்சை மிதமிஞ்சிப் போனபோது, கொடிகளைப் பிடுங்கிப் போட அரசே பணம் கொடுத்தது. விலை போகாத ரகம் என்று கிரெனாஷ் நிறையவே போயிற்று. தப்பிய கொடிகளைத்தான் இன்று பொக்கிஷம் என்கிறார்கள். கொடிகளை வயதால் பிரிக்க 2009இல் வந்த பரோசா பழங்கொடிச் சாசனத்தின்படி 35 வயது தாண்டினால் பழைய கொடி, 125 தாண்டினால் மூதாதை.

இப்போது மறுபடி அதே கவலை. 2020 கடைசியில் ஆஸ்திரேலிய வைனுக்குச் சீனா விதித்த வரி, சில நிறுவனங்களுக்கு 200 சதவீதத்துக்கும் மேல் போனது. 2024 மார்ச்சில் நீக்கினார்கள். அதற்குள் தேங்கிப்போன சிவப்பு வைன் சட்டென்று கரைந்துவிடவில்லை. புகழ்பெற்ற போத்தலுக்கு எப்போதும் ஆள் உண்டு. 20 டாலர் போத்தலை வாங்க ஆளில்லாவிட்டால் அடி விழுவது சிறு விவசாயிக்கு. பெரியவர் அதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

அந்தப் பக்கம் போகும் வாசகர்கள் விலைப்பட்டியலின் அடியிலிருந்து தொடங்குங்கள். கிரெனாஷ் இருக்கிறதா என்று கேளுங்கள். ருசித்துவிட்டுத் துப்புவதற்கென்றே வாளி வைத்திருப்பார்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனாலும் வண்டி ஓட்டுபவர் வைன் கோப்பையைத் தொடாமல் இருப்பதே நல்லது, எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது கணவரின் வேலை. வாங்கி வந்த போத்தலைக் கோடையில் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் திறங்கள். 30 டிகிரி சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் வரும், ஸ்ட்ராபெரி வராது.

இப்படிக்கு,
அடிலெய்டு வாசகி