லாம்பார்டை எப்படித் திட்டுவது?

30 மே 2023

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எனக்கு முன்னால் பேப்பரைப் பிடுங்கிப் படித்து முடித்துவிடுகிறார். உன் புது வேலை பற்றி அக்கா சொன்னாள். அதைத் தனியாக விசாரிக்கிறேன். இப்போது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த செல்சி-நியூகாசில் ஃபுட்பால் ஆட்டத்துக்கு அப்புறம் நீ ஒரு வார்த்தை அனுப்பவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். கிண்டல் பண்ணியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீ பேசாமல் இருந்தது இரக்கமா? நியூகாசில்காரன் செல்சிக்காரனைப் பார்த்து இரக்கப்படுகிற காலம் வந்துவிட்டதா? நம்ம கூட்டாளி தாடி அந்த நாகரிகமெல்லாம் பார்க்கவில்லை. "ஷியரருக்கு 8 ஆட்டத்தில் 1 வெற்றி, லாம்பார்டுக்கு 11 ஆட்டத்தில் 1 வெற்றி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கோச்சிங் சென்டர் ஆரம்பிக்கலாமே" என்று அனுப்பினான். பதில் போடவில்லை. போட என்ன இருக்கிறது, கணக்கு சரிதானே. உங்களுக்கு ஷியரர், எங்களுக்கு லாம்பார்ட்: ரெண்டு பேரும் அந்தந்த கிளப்புக்குக் கோலாக அடித்துக் குவித்த பழைய நாயகர்கள், பிறகு அங்கேயே மேனேஜராக வந்து சறுக்கியவர்கள்.

ஆட்டம் 1-1. கோர்டன் உங்களுக்கு அடித்தான். எங்கள் கோலையும் உங்கள் டிரிப்பியர்தான் சேம் சைடாக அடித்துக் கொடுத்தான். சீசன் முடிவில் எங்களுக்கு 38 ஆட்டத்தில் 38 கோல், 44 புள்ளி, 12ஆம் இடம். இரண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோவில் (ஆள் வாங்கும் காலத்தில்) ஐம்பது கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி வாங்கிய அணி! உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் இடம் போதவில்லை என்றுகூடச் செய்தி வந்தது. நேற்று புது மேனேஜராகப் பொச்செட்டினோவை அறிவித்துவிட்டார்கள். லாம்பார்ட் சத்தமில்லாமல் போய்விட்டான்.

என்னைக் குடைகிற விஷயம் இதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் மேனேஜர் போட்டரைத் துரத்திவிட்டு லாம்பார்டை சீசன் முடியும்வரை கூட்டிவந்தார்களே, அன்று நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வரிசையாக ஆறு தோல்வி. வுல்வ்ஸ், ரியல் மாட்ரிட், பிரைட்டன், மறுபடி ரியல் மாட்ரிட், பிரென்ட்ஃபோர்ட், ஆர்சனல். ஆர்சனல் ஆட்டத்தில் இடைவேளைக்குள் 3-0. போட்டர் காலத்தில் இதில் பாதி நடந்திருந்தால் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். கத்தியும் இருக்கிறேன், உனக்குத் தெரியும். மைதானத்திலும் போட்டரைக் கேலி செய்து கூவினார்கள், அவனுக்கு முன்னால் மேனேஜராக இருந்த துக்கெல் பெயரைப் பாடி வெறுப்பேற்றினார்கள். லாம்பார்ட் வந்ததும் எங்கள் வாய் கட்டிப்போனது. கோபம் போகவில்லை. யார் மேல் விடுவது என்றுதான் தெரியவில்லை. முதலாளிகளைத் திட்டினோம், ஆட்டக்காரர்களைத் திட்டினோம், நடுவரைக்கூடத் திட்டினோம். கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆளை மட்டும் யாரும் தொடவில்லை.

வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் வாயைத் திறக்க விடமாட்டோம் அல்லவா, அப்படி. ஆனால் வீட்டுக்குள் நாமாவது நாலு அடி போடுவோம். இங்கே அதுவும் முடியவில்லை.

முதலாளிகளுக்கு இது தெரியும் என்பதுதான் என் எண்ணம். டாட் போலியும் கிளியர்லேக் நிறுவனமும் லாம்பார்டைக் கூட்டிவந்தது ஆட்டம் ஜெயிக்கவா? அவன் எவர்ட்டனில் வேலை போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை; அணியை 19ஆம் இடத்தில் விட்டுவிட்டு வந்தவன். துக்கெலை அனுப்பியாயிற்று, போட்டரை அனுப்பியாயிற்று, அடுத்த கூச்சல் நேராக மேலே வரும். நடுவில் நிறுத்த யாராலும் கல்லெறிய முடியாத ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை லாம்பார்ட் கச்சிதமாகச் செய்துவிட்டான் என்றுதான் சொல்வேன், நீ சிரித்தாலும் சரி.

உங்கள் அப்போதைய முதலாளி ஆஷ்லி 2009இல் செய்ததும் இதேதானே? ஏப்ரல் 1ஆம் தேதி ஷியரர் மேனேஜர் என்று அறிவித்தார்கள், நாம் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தோம். பிபிசி நாற்காலியிலிருந்து எழுந்து நேராக ரெலிகேஷன் சண்டைக்கு, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்புகிற போராட்டத்துக்கு, வந்தார் மனுஷன். முதல் ஆட்டமே செல்சியோடு. 2-0, முதல் கோல் யார்? லாம்பார்ட்! அன்று நீ எழுந்து வெளியே போனாய், நான் பின்னாலேயே வந்து பாடினேன், நீ செருப்பைத் தூக்கினாய். அவன் அடித்துத் தொடங்கிவைத்த ஷியரர் கதையும், உங்களோடு டிராவில் முடிந்த அவன் கதையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதைத் தாடி இன்னும் கவனிக்கவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

அந்த சீசனின் கடைசியில் ஆஸ்டன் வில்லாவோடு நடந்த வில்லா பார்க் ஆட்டத்தை நான் மறக்கவில்லை. ஒரே ஒரு டிரா போதும், நீங்கள் தப்பித்திருப்பீர்கள், உங்களைப் போலவே தப்பிக்கப் போராடிய ஹல் தோற்றுக்கொண்டிருந்தது. உங்கள் டஃப் மேல் பட்டு பந்து உள்ளே போனது, அத்தோடு சரி. வில்லாக்காரர்கள் அன்றைக்கென்றே பேனர் தயார் பண்ணி வந்திருந்தார்கள்: உங்கள் அடுத்த மீட்பர் யார், ஆண்டா டெக்கா என்று, நியூகாசில் ஊரின் டிவி ஜோடியை இழுத்து. நான் சிரித்தேன். நீ ஷியரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஷ்லியைச் சொன்னாய், ஓவனைச் சொன்னாய், லிவர்பூல் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய பார்ட்டனைச் சொன்னாய். எட்டு ஆட்டத்தில் அஞ்சு புள்ளி எடுத்த மேனேஜரை விட்டுவிட்டாய். அதை நான் அன்று பிடிவாதம் என்றேன். இப்போது எனக்கும் அதே வியாதி.

அப்புறம் ஆஷ்லி மைதானத்தில் இருந்த ஷியரர் பாரின் பெயரையே மாற்றினார், 2016இல் வெளியே சிலை வந்தது, ஆஷ்லி போனதும் பாருக்கும் பழைய பெயர் திரும்பிவிட்டது. அந்த எட்டு ஆட்டம் அவர் உங்களுக்கு அடித்த 206 கோலில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதில்தான் எனக்குப் பயம். ஷியரர் அதற்கப்புறம் எந்த அணிக்கும் மேனேஜராகப் போகவில்லை. டிவிக்குத் திரும்பிவிட்டார். அந்த ஒரு மே மாதம் ஒரு விபத்து மாதிரி தனியே நிற்கிறது. லாம்பார்ட் அப்படி இல்லை. டெர்பி, செல்சி, எவர்ட்டன், மறுபடி செல்சி. விழுந்த இடத்துக்கே திரும்பி வந்து விழுகிறான். இப்படியே போனால் பதினெட்டு வயசுப் பையன் ஒருவனுக்கு லாம்பார்ட் என்றால் யார்? கோட்டோரம் முகம் சுண்டி நிற்கிற ஓர் ஆள். எங்களுக்காக லாம்பார்ட் அடித்த 211 கோலை அந்தப் பையன் யூடியூபில்தான் பார்க்க வேண்டும்.

லாம்பார்ட் முதல் முறை மேனேஜராக வந்ததை இதோடு சேர்க்காதே, அது வேறு கதை. 2019இல் ஆள் வாங்கத் தடை, எங்கள் நட்சத்திரம் ஹசார்ட் மாட்ரிட் போய்விட்டான். முதல் ஆட்டம் மான்செஸ்டர் யுனைட்டெடிடம் 4-0 தோல்வி. வேறு யாராக இருந்தாலும் அந்த வேலைக்கே வந்திருக்க மாட்டான். மவுண்ட், ஏப்ரகாம், ஜேம்ஸ், டொமோரி என்று கிளப் பிள்ளைகளைத் தைரியமாக இறக்கினான், நாலாம் இடம் பிடித்தான். சரி, 54 கோல் வாங்கினோம்; எதிரணி பந்தைப் பிடுங்கி ஓடினால் எங்கள் பின்வரிசை திறந்த கதவுதான். அடுத்த வருஷம் இருபது கோடி பவுண்டுக்கு மேல் ஆட்கள் வந்தும் அது மூடவில்லை. துக்கெல் வந்து சில வாரத்தில் மூடினான். போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மவுண்ட் கொடுக்க, ஹாவர்ட்ஸ் அடிக்க, கோப்பை. "அது ஃபிராங்க் கட்டிய அணி" என்று லாம்பார்டின் முதல் பெயரைச் சொல்லி எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நானும் தண்ணி போட்டால் சொல்வேன். தெளிவாக இருக்கும்போது, அந்த அணியை வைத்து அவன் அதைச் செய்திருக்க மாட்டான் என்று எனக்கும் தெரியும்.

அந்த முதல் தடவை அவனை அனுப்பியதற்கு முந்தின நாள், 2021 ஜனவரியில், லூட்டனோடு கோப்பை ஆட்டம். கோவிட் காலம், மைதானத்தில் ஈ காக்கை இல்லை. ரசிகர்கள் காசு போட்டுச் செய்த பேனர் மட்டும் காலி நாற்காலிகள் மேல் விரித்துக் கிடந்தது: ஃபிராங்கை நம்புகிறோம், அன்றும் இன்றும் என்றும். 3-1 ஜெயித்தோம். மறுநாள் வேலை போனது. வழக்கமாக வாயே திறக்காத அப்போதைய முதலாளி அப்ரமோவிச்சே அன்று தன் பெயரில் அறிக்கை விட்டார், அவன் பெருமை குறையாது என்று. துரத்துகிறவனே மாலையும் போடுகிறான் பார்.

இந்த வியாதி எங்களுக்கு மட்டும் என்று நினைக்காதே. யுனைட்டெட்காரர்கள் மேனேஜராக வந்த தங்கள் பழைய ஹீரோ ஸோல்ஷாரை எப்படி அனுப்பினார்கள்? வாட்ஃபோர்டில் 4-1 வாங்கியதும் ரசிகர்கள் கத்த, அவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டான். மறுநாள் கிளப் சேனலிலேயே கண்ணீரோடு பேட்டி. பழைய ஆட்டக்காரன் பிர்லோவைப் பார், வேறு எங்குமே மேனேஜராக இருக்காத ஆளை யுவென்டஸில் உட்காரவைத்து, ஒரே சீசனில் எழுப்பிவிட்டார்கள். எல்லாத்துக்கும் காரணம் குவார்டியோலா. அவனும் ஜிதானும் தாங்கள் ஆடிய கிளப்புக்கே மேனேஜராக வந்து ஜெயித்தாலும் ஜெயித்தார்கள், ஒவ்வொரு முதலாளியும் தன் பழைய நம்பர் 8ஐப் பார்த்துக் கனவு காண்கிறான்.

சரி, கிண்டல் போதும். 2008 ஏப்ரல் 30 உனக்கு நினைவிருக்கும். லிவர்பூலோடு அரையிறுதி, எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி. லாம்பார்டின் அம்மா இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனை ஏன் அடிக்க விடுகிறார்கள் என்று நீதான் கேட்டாய். அடித்தான். கையில் கட்டியிருந்த கறுப்புப் பட்டைக்கு முத்தம் கொடுத்துவிட்டு மேலே பார்த்தான். தாடிகூட அன்று பேசவில்லை. 2014இல் மான்செஸ்டர் சிட்டி சட்டையில் எங்களுக்கு எதிராகவே 85ஆம் நிமிஷம் கோல் அடித்துவிட்டுக் கையைத் தூக்காமல் நின்றான். செல்சிக்காரர்கள் அவன் பெயரைத்தான் பாடினார்கள். தனக்கு எதிராக அடித்தவனுக்கே பாடிய கூட்டம் அது. எட்டு ஆட்டம் தோற்றதற்காகவா விட்டுவிடும்? விடாது என்று மனசு சொல்கிறது. ஆனால் போன வாரம் யுனைட்டெட் 4-1 அடித்தபோது கேமரா அவன் முகத்துக்குப் போனது, நான் போனை எடுத்து வேறு எதையோ பார்க்க ஆரம்பித்தேன். அவனைப் பார்க்காமல் இருக்க அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

அவன் இன்னொரு வேலைக்குப் போகாமல் இருக்கமாட்டான், அந்தப் பிடிவாதம்தான் அவனை மிட்ஃபீல்டிலிருந்து 211 கோல் அடிக்கவைத்தது. போகட்டும். ஆனால் அவனுக்கு யாரும் பாட்டு எழுதி வைத்திராத ஏதாவது ஒரு கிளப்புக்குப் போகட்டும். அங்கே மூன்று ஆட்டம் தோற்றால் கூவுவார்கள், ஜெயித்தால் கைதட்டுவார்கள், ஆளுக்குத் தான் எப்படிப்பட்ட மேனேஜர் என்பதாவது தெரியும். எங்களிடம் அது தெரிய வழியே இல்லை.

தாடிக்கு நீயே ஒரு பதில் போடு, எனக்காக இல்லை, ஷியரருக்காக. அத்தைக்கும் குட்டிக்கும் என் அன்பு. எழுதும்போது ஒன்று மட்டும் மழுப்பாமல் சொல்: டிவியில் ஷியரர் அந்த எட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீ இப்போது உட்கார்ந்து கேட்கிறாயா, இல்லை சேனலை மாற்றிவிடுகிறாயா?

உன்,
செருப்படிக்குத் தப்பிய செல்சிக்காரன்